ஊர்ப் பறவைகளுக்கு மட்டும்

மே 14, செவ்வாய்

இன்றைய பிழை: துண்டறிக்கையில் "ஊர்" என்ற சொல்லைப் போட்டது.

பிழையை முதலில் எழுதவேண்டும் என்பது மாட்டியா சொல்லித்தந்த முறை. மாட்டியா எங்கள் மாலை வகுப்பின் ஆசிரியன். பறவை பார்க்கப் போகிறவன் ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதவேண்டும், தன் மொழியில் எழுதலாம், முதலில் தான் விட்ட பிழையை எழுதிவிட்டுப் பிறகு கண்டதை எழுதவேண்டும் என்றான். எனக்கு இது வசதியாக இருக்கிறது. கண்டது குறைவாக இருந்தாலும் பிழைக்குக் குறைவில்லை.

வகுப்பின் பெயர் "எங்கள் வானம்". பலெர்மோவின் சுதேசப் பறவைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இங்கே வசிக்கும் எல்லாச் சனங்களுக்கும் அறிமுகப்படுத்தும் திட்டம். பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆரம்பப் பள்ளியில், செவ்வாயும் வியாழனும் மாலையில் நடக்கிறது. நான் பகலில் லிபெர்த்தா வீதியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் மாலையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அறைக்குப் போய்க் கூரையைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்க்கலாம் என்று சேர்ந்தேன்.

திட்டத்தின் பொறுப்பாளர் மொனிகா, பட்டம் படித்த பெண் என்பதால் எல்லாருக்கும் டொத்தோரேஸ்ஸா, போன கிழமை என்னிடம் துண்டறிக்கையைத் தமிழாக்கக் கொடுத்தார். "இந்த இடத்துக்கு உரிய பறவைகளை அறிந்துகொள்ளுங்கள்" என்று இத்தாலியனில் இருந்தது. பஸ்ஸுக்குள் இருந்து யோசித்து, "எங்கள் ஊர்ப் பறவைகளை அறிவோம், வாருங்கள்" என்று எழுதினேன். அகராதிப்படி சரி. ஆனால் பலெர்மோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சனத்துக்குப் பலெர்மோ ஊர் அல்ல. பலெர்மோ "இஞ்சை". ஊர் என்றால் ஒன்றுதான்.

இன்று மாலை மண்டபத்தில் கதிரை போதவில்லை. சனம் சன்னல் விளிம்பிலும் இருந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஞானசேகரம் அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில். மாட்டியா முதல் படத்தைப் போட்டான். சிட்டுக்குருவி.

"இது இஞ்சையும் கிடக்கு. எங்கடை புலுனிக் குருவி எப்ப காட்டுவாங்கள்?" என்றார் ஞானசேகரம் அண்ணை.

அடுத்த படம் வெண்புறா. அதற்குள் பின்வரிசையில் செண்பகத்தைப் பற்றிச் சண்டை தொடங்கிவிட்டது.

"எங்கடை பக்கத்துச் செண்பகத்துக்குக் கண் இரத்தச் சிவப்பு."

"எல்லாப் பக்கமும் சிவப்புத்தான்."

"நீர் எந்தப் பக்கம்?"

"அதேன் உமக்கு?"

டொத்தோரேஸ்ஸா மொனிகா என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். பறவைகளைப் பற்றி விவாதிக்கிறார்கள் என்றேன். பொய் இல்லை. அவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். எல்லாப் பக்கத்தில் இருந்தும் படம் எடுத்தார். பிறகு மேடையில் ஏறிச் சொன்னார்: "இத்தனை வருடங்களில் இப்படி ஓர் ஈடுபாட்டை நான் கண்டதில்லை. பறவை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை!"

கடைசிப் படம் கொத்துர்னீச்சே. பலெர்மோ இருக்கும் இந்தத் தீவுக்கே உரிய பறவை. திட்டத்தின் இலச்சினை. மலையில் எங்கோ இருக்கிறதாம். மண்டபத்தில் இருந்தவர்களில் மாட்டியாவைத் தவிர ஒருவரும் உயிரோடு கண்டதில்லை, டொத்தோரேஸ்ஸாவும் உட்பட. மண்டபம் மரியாதையாக அமைதியானது. அந்த அமைதிக்குள் குகனேஸ்வரி அக்காவின் குரல் வந்தது.

"உது கவுதாரியல்லோ. பிரட்டல் கறி வச்சால் சோறு தனியப் போகும்."

"என்ன சொன்னார்?" என்று டொத்தோரேஸ்ஸா கேட்டார்.

"தங்கள் நாட்டிலும் இந்தப் பறவைமேல் மக்களுக்குப் பெரிய பிரியம் என்கிறார்" என்றேன்.

இதைப் பிழையில் சேர்ப்பதா கண்டதில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.


மே 21, செவ்வாய்

இன்றைய பிழை: சன்னலைப் பூட்டியது.

புலுனி இல்லை என்று தெரிந்ததும் சனம் நின்றுவிட்டது. இன்று எங்கள் ஆட்களில் வந்தது நானும் குகனேஸ்வரி அக்காவும் மட்டும். அவ பள்ளிக்கு எதிரே உள்ள கட்டடங்களில் மாடிப்படி கழுவுகிறா. "வீட்டை போனாலும் நாலு சுவர்தானே தம்பி. இஞ்சை ஒரு சுவரிலை படமாவது ஓடுது" என்றா. மொரீசியஸ்காரன் கிரிஸ்தியானும் வந்தான். அவனுடைய பூட்டனுக்குத் தமிழ் தெரியுமாம். அவனுக்கு "வணக்கம்" தெரியும்.

பாடம் நடக்கும்போது வெளியே ஒரே கீச்சுச் சத்தம். ஒரு கூட்டம் கறுப்புப் பறவைகள் கூரைக்கும் தெருவுக்கும் இடையில் வளைந்து வளைந்து பறந்தன. டொத்தோரேஸ்ஸா எழுந்து, "பறவைகளின் சத்தத்தில் பறவைகளைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, சன்னலைப் பூட்டுங்கள்" என்றார். சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது நான். பூட்டினேன்.

அக்கா மட்டும் பலகைச் சன்னலின் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தா. திடீரென்று என் கையைக் கிள்ளினா. "உள்ளுக்கை போனது! தம்பி, உந்தச் சுவருக்குள்ளை போனது. நான் கண்டனான்."

இடைவேளையில் மாட்டியாவை முற்றத்துக்கு இழுத்துவந்து காட்டினா. வாசல் வளைவுக்கு மேலே, இரண்டாம் மாடி உயரத்தில், கல் ஒன்று பெயர்ந்த இடத்தில் ஒரு பொந்து. நாங்கள் பார்க்கப் பார்க்க ஒரு கறுப்புக் கோடு வந்து அதற்குள் மறைந்தது. மாட்டியாவின் முகம் மாறியது. வகுப்பில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ரொண்டோனே" என்றான். "சகாராவுக்கு அப்பால் இருந்து வருகின்றன. போன வருடம் இதே பொந்துக்குத்தான் வந்தன."

தமிழில் என்ன என்று போனில் தேடினேன். உழவாரன் என்று வந்தது.

"உழவாரம் எண்டால் கோயில் வீதியிலை புல்லுச் செருக்கிறதல்லோ" என்றா அக்கா. "உந்தக் குருவி எந்தக் கோயிலிலை செருக்கினது?"

"செட்டை அந்தப் புல்லுச் செருக்கிற உழவாரம் மாதிரி வளைஞ்சிருக்காம் அக்கா."

ஏன் இதை வகுப்பில் காட்டவில்லை என்று மாட்டியாவிடம் கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை என்றான். வருடம் முழுவதும் இங்கே இருக்கும் பறவைகள் மட்டும்தான் பாடத்தில் உண்டு. வந்து போகிறவற்றுக்கு நாலாம் பிரிவு. அது இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. அவனுடைய வேலை ஒப்பந்தமும் ஜூன் முடிவில்தான் புதுப்பிக்கப்படுமாம். ஆகவே முற்றத்தில், தாழ்ந்த குரலில், அந்தப் பறவையைப் பற்றிச் சொன்னான். பறந்துகொண்டே தின்னும். பறந்துகொண்டே தூங்கும். முட்டையிடவும் குஞ்சு வளர்க்கவும் மட்டும்தான் ஓரிடத்தில் இருக்கும். குஞ்சு பொந்தைவிட்டுக் குதித்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு எங்கேயும் கால் வைக்காது.

நான் மொழிபெயர்த்ததும் அக்கா மேலே பார்த்தபடி சொன்னா: "நாட்டிலை இருக்கப் பெர்மெஸ்ஸோ இல்லாததுகள் மாதிரி. ஒரு இடத்திலை நிக்கேலாது."

இனி வகுப்புக்கு வருவது முற்றத்தில் நிற்பதற்குத்தான் என்றா.


ஜூன் 4, செவ்வாய்

இன்றைய பிழை: கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனது.

வியாழக்கிழமை திட்டத்தின் புதிய நிலையம் இந்தப் பள்ளியில் திறக்கப்படுகிறது. அதற்காக வாசல் வளைவுக்கு மேலே ஒரு பெரிய பலகை பூட்ட முடிவு செய்திருந்தார்கள். "இது எல்லாப் பறவைகளுக்கும் வீடு" என்று ஆறு மொழிகளில். தமிழ் வரி என்னுடையது. இந்த முறை "ஊர்" என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்திருந்தேன். எங்கே பூட்டப்போகிறார்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

மாலை வந்தபோது முற்றத்தில் ஆளைத் தூக்கும் வண்டி நின்றது. அக்கா மாடிப்படி கழுவும் தும்புத்தடியை உயர்த்திக்கொண்டு தமிழில் கத்திக்கொண்டிருந்தா. மேலே தொழிலாளி ஒருவன் பலகையின் ஒரு மூலையைப் பூட்டிவிட்டு இரண்டாவது மூலைக்கு வந்திருந்தான். பலகை பொந்தை முழுதாக மூடியிருந்தது. பொந்துக்குள் குஞ்சுகள் இருந்தன. போன கிழமை முதலே உள்ளே சத்தம் கேட்கிறது. வாசலுக்குப் பக்கத்து மாடிப்படியின் உச்சியில் சுவரில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கும். தாயும் தகப்பனும் பலகைக்கு முன்னால் வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தன.

நான் தொழிலாளிக்கு இத்தாலியனில் சொன்னேன். அவன் நல்ல மனிதன். குனிந்து பார்த்தான். "ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் பூட்டலாம். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடையாளம் வைத்துத் தந்தது அலுவலகம். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

நான் உள்ளே ஓடினேன். டொத்தோரேஸ்ஸா பூங்கொத்துக்காரனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். முடியும்வரை கதவருகில் நின்றேன். மனிதர் பேசும்போது இடையில் புகக்கூடாது என்று வளர்ந்தவன் நான். பிறகு சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு அருமையான கேள்வி! இதற்காகத்தான் இந்தத் திட்டம். மக்கள் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள்! இதை விஞ்ஞானக் குழுவில் வைப்போம்."

"டொத்தோரேஸ்ஸா, வெளியே இப்போது பூட்டுகிறார்கள்."

"ஆம், வியாழனுக்குள் முடியவேண்டும்" என்றார்.

திரும்பி வந்தபோது நாலாவது மூலையும் பூட்டியாகிவிட்டது. தொழிலாளி கீழே நின்று கையை விரித்தான். அக்கா என் முகத்தைப் பார்த்துத் தும்புத்தடியை இறக்கினா. பதில் அதிலேயே இருந்திருக்கும்.


ஜூன் 6, வியாழன்

இன்றைய பிழையைக் கடைசியில் எழுதுகிறேன். முறை தவறுகிறேன் என்று தெரியும்.

திறப்புவிழா. பிள்ளைகள் காகிதச் செட்டை கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லாரும் கொத்துர்னீச்சே. தலைவர் வந்தார், திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் தலைவர். நான் எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்க்க மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். ஆகவே அவர் சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

"பறவைக்கு வேலி இல்லை. எல்லை இல்லை. கடவுச்சீட்டு இல்லை. அதனால்தான் எது எங்கள் பறவை, எது இல்லை என்று நாங்கள் தெளிவாக வரையறுக்கவேண்டியிருக்கிறது."

கைதட்டல்.

"இந்த நிலையத்தில் பறவைகளைப் பற்றிய படங்கள் உண்டு, ஒலிப்பதிவுகள் உண்டு, ஒரு விளையாட்டு உண்டு. இனி எங்கள் பிள்ளைகள் பறவையைப் பார்க்க வெளியே போகத் தேவையில்லை."

அப்போது அந்தப் பறவைகள் இரண்டும் வந்தன. தலைவரின் தலைக்கு மேலால் கீச்சிட்டுக்கொண்டு போய்ப் பலகையில் மோதுவதுபோல் நெருங்கி, கடைசி நொடியில் திரும்பின. மறுபடி வந்தன. ஒன்று பலகையின் விளிம்பில் நகத்தைப் போட்டது. தொங்கியது. வழுக்கியது. தலைவர் பேச்சை நிறுத்தி, கையை உயர்த்தி அவற்றைக் காட்டினார்.

"பாருங்கள். நன்றி சொல்ல வந்திருக்கின்றன."

பிள்ளைகள் காகிதச் செட்டையை அடித்தார்கள். அதைத் தமிழில் சொல்லும்படி டொத்தோரேஸ்ஸா எனக்குச் சைகை காட்டினார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞானசேகரம் அண்ணை தானாகவே பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்: "குருவிக்கும் சந்தோசமாம்."

விழா முடிந்து எல்லாரும் கேக் வெட்டப் போனார்கள். நாடாக் கட்டுவதற்காகக் கொண்டுவந்த தூக்கி வண்டி இன்னும் சுவரோடு நின்றது. அதே தொழிலாளி. வண்டியின் திறப்பு அதிலேயே செருகியபடி இருந்தது. "நான் கோப்பி குடிக்கப் போகிறேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். "மெதுவாகக் குடிப்பேன்."

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. "ஏறு தம்பி."

"அக்கா, எனக்குப் பத்தொன்பதாம் தேதி குவெஸ்துராப் பொலிஸ் கந்தோரிலை கைரேகை. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க. யாரும் பொலிசுக்குப் போன் அடிச்சால்..."

"குருவிக்குப் பொலிசு வருமோ?"

"குருவிக்கு வராது அக்கா. எனக்கு வரும்."

அவ வண்டியைப் பார்த்தா. தன் காலைப் பார்த்தா. "எனக்கு நிரந்தர விசாக் கார்த்தா கிடக்கு, முழங்கால் இல்லை. உனக்கு முழங்கால் கிடக்கு, கார்த்தா இல்லை. நல்ல சோடி."

"குழு செவ்வாய்க்கிழமை கூடுது. அவசரக் கூட்டமாம். மாட்டியா எழுதிக் குடுத்திருக்கிறான். முறையாக் கேட்டுச் செய்வம் அக்கா."

"கேட்டு வாறதெல்லாம் பிந்தித்தான் வரும்" என்றா. "எனக்குத் தெரியும்."

அவவுக்குத் தெரியும். மகனை ஊரில் இருந்து கூப்பிட விண்ணப்பிக்க முதலில் வீடு போதுமான அளவு என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அது கைக்கு வர முன்னம் மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அதற்குமேல் பிள்ளை என்று கூப்பிட முடியாது. இதை அவ எனக்குச் சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்கு எல்லாருடைய கதையும் தெரியும்.

தொழிலாளி உண்மையிலேயே மெதுவாகத்தான் குடித்தான். நான் ஏறவில்லை. இன்றைய பிழை அதுதான்.


ஜூன் 11, செவ்வாய்

இன்றைய பிழை: நம்பினது.

அவசரக் கூட்டம். அவசரக் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது விதி. அதனால்தான் இன்று. தமிழ்ச் சமூகத்தின் பிரதிநிதியாக என்னையும் கூப்பிட்டார்கள். பலகையில் தமிழ் இருப்பதால்.

தலைவர், டொத்தோரேஸ்ஸா, வரையறைகளைக் கவனிக்கும் சட்டத்தரணி ஒருவர். மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள். மேசையின் மறுமுனையில் மாட்டியா.

சட்டத்தரணி முதலில் கேட்டார்: "இந்தப் பறவை குளிர்காலத்தில் எங்கே இருந்தது?"

"ஆப்பிரிக்காவில்" என்றான் மாட்டியா.

"அப்படியானால் தொடர்ச்சியான வதிவிடம் இல்லை. எங்கள் திட்டம் சுதேசப் பறவைகளுக்கானது. இது வந்துபோகும் பறவைகள் பிரிவுக்குப் போகவேண்டும்."

"அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை."

"தொடங்கப்பட்டதும் போகலாம்."

மாட்டியா சொன்னான்: "குஞ்சுகள் இங்கே பிறந்தவை. இந்தச் சுவரில். பலெர்மோவைத் தவிர வேறு இடத்தை அவை கண்டதில்லை."

சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னார்: "பிறந்த இடம் என்பது ஒரு தற்செயல். பெற்றோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் அடிப்படை. நாளைக்கு எந்தப் பறவையும் வந்து ஒரு முட்டையை இட்டுவிட்டு, இது எங்கள் வீடு என்று சொல்லலாமே."

"பலகையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது" என்றேன். வாயில் இருந்து தானாக வந்துவிட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் மிக அன்பாகச் சிரித்தார். "அது பலகை" என்றார்.

மாட்டியா எழுந்து நின்றான். "தயவுசெய்து கேளுங்கள். இந்தக் குஞ்சுகளுக்கு ஒரு தன்மை உண்டு. உணவு கிடைக்காவிட்டால் உடம்பைக் குளிரவைத்து, அசையாமல், பல நாள் தாக்குப்பிடிக்கும். மற்றக் குஞ்சு என்றால் எப்போதோ செத்திருக்கும். இவை ஒருவேளை இன்னும் உயிரோடு இருக்கலாம். இன்றைக்கே திறந்தால்..."

"பல நாள் பட்டினி கிடக்கக்கூடியவை!" டொத்தோரேஸ்ஸா வியந்துபோனார். "எவ்வளவு பொறுமை! இதைப் பாடத்தில் சேர்க்கவேண்டும்."

"அப்படியானால் அவசரம் இல்லை" என்று தலைவர் எழுதிக்கொண்டார்.

மாட்டியா உட்கார்ந்தான். தான் சொன்னதில் எந்த இடத்தில் பிழை வந்தது என்று தேடுகிறவன்போல இருந்தது அவன் முகம்.

முடிவில் மனிதாபிமான அடிப்படையில் ஒரு வழி விட்டார்கள். பலகையை ஒரு சாண் நகர்த்தலாம். ஆனால் அதில் ஆறு சமூகங்களின் மொழிகள் உண்டு. ஒரு சமூகத்தையும் புண்படுத்தக்கூடாது. ஆறு சமூகத்திடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவந்தால் போதும்.

வெளியே அக்கா மாடிப்படியின் உச்சியில், சுவரில் காதை வைத்தபடி நின்றா. என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தா. நானும் காதை வைத்தேன். நகம் ஒன்று கல்லில் உரசும் சத்தம். நிறுத்தி நிறுத்தி.

"இருக்கு" என்றா அக்கா. "தம்பி, இருக்கு."


ஜூன் 12, புதன்

இன்றைய பிழை: எங்கள் ஆட்களைக் கடைசிக்கு வைத்தது. சுகமாக முடியும் என்று நினைத்தேன்.

கிழவரின் மகளிடம் அரைநாள் கேட்டு வாங்கி, மற்ற ஐந்து சமூகத்தையும் கிரிஸ்தியானோடு சுற்றினேன். பல்லரோவில் கடை வைத்திருக்கும் வங்காளி ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். கிரிஸ்தியான் தன் சமூகத்துக்குத் தானே போட்டான். "நான் தலைவர் இல்லை, ஆனால் குருவிக்குத் தெரியாதே" என்றான்.

மாலை ஞானசேகரம் அண்ணையின் வீட்டுக்கு அக்காவும் நானும் போனோம். சுவரில் பலகையின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தமிழ் வரி தெரியும்படி வெட்டி.

அவர் சம்மதக் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார்.

"இத்தாலிக்காறன்ரை சுவரிலை தமிழ். இத்தினை வருசத்திலை முதல்தரம். அதைக் கழட்டச் சொல்லி ஒரு தமிழன் வந்து நிக்கிறான்."

"கழட்ட இல்லை அண்ணை. ஒரு சாண் நகர்த்த."

"இண்டைக்கு ஒரு சாண். நாளைக்கு?"

"உள்ளுக்கை குஞ்சு கிடக்கு அண்ணை" என்றா அக்கா. "சாகுது."

"பிள்ளை, எனக்கும் இரக்கம் இருக்கு. நான் மச்ச மாமிசம் தின்னாத ஆள். ஆனால் இது என்ரை தனி முடிவில்லை. சங்கத்தைக் கூட்டோணும். ஞாயிற்றுக்கிழமை வைப்பம். ஒரு நிபந்தனை. நகர்த்திப் பூட்டேக்கை தமிழ் மேலை வரோணும். இப்ப அஞ்சாவதாக் கிடக்கு."

அக்கா எழும்பினா. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னா: "உங்கடை தமிழ் நல்லா இருக்கட்டும் அண்ணை. குருவிக்கு வாசிக்கத் தெரியாது."

திரும்பி நடந்தோம். பல்லரோவில் மீன்காரர்கள் தட்டுகளைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஈரத்தில் வழுக்காமல் இருக்க அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. அவவின் கை குளிர்ந்திருந்தது.


ஜூன் 13, வியாழன்

பாடம்: சிட்டுக்குருவியின் கூடு. படங்களுடன்.

நாங்கள் வகுப்புக்குப் போகவில்லை. மாடிப்படியில் நின்றோம். முதலில் அக்கா காதை வைத்தா. பிறகு நான். பிறகு மாட்டியா வகுப்பை இடையில் விட்டுவிட்டு வந்து வைத்தான். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் மூச்சை அடக்கச் சொன்னோம். கீழே குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"தூங்கும்" என்றா அக்கா. "குளிருக்குள்ளை தூங்கும் எண்டு இவன் சொன்னவனல்லோ. கேட்டுச் சொல்லு, எவ்வளவு நேரம் தூங்கும் எண்டு."

நான் மாட்டியாவிடம் கேட்டேன். அவன் மறுபடி சுவரில் காதை வைத்தான். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

முற்றத்தில் இரண்டு பறவைகளும் இன்னும் வந்துகொண்டிருந்தன. தொண்டை உப்பியிருப்பது கீழிருந்தே தெரிந்தது. அதற்குள் பூச்சிகளை உருட்டி வைத்திருக்கும் என்று மாட்டியா முன்பு சொல்லியிருந்தான். பலகைக்கு அருகே வரும். திரும்பும். கீச்சிடுவதை நிறுத்திவிட்டிருந்தன.

பிழை என்று எழுத இன்று புதிதாக ஒன்றும் இல்லை.


ஜூன் 16, ஞாயிறு

சங்கக் கூட்டம். பலகையை நகர்த்தச் சம்மதம் என்று ஏகமனதாகத் தீர்மானம். தமிழை இரண்டாவதாகக் கொண்டுவர முயல்வதற்கு ஒரு உபகுழு. ஞானசேகரம் அண்ணை கடிதத்தை என் கையில் தந்து, "பாத்தியே, கேட்ட முறையிலை கேட்டால் நாங்கள் செய்யிற ஆக்கள்தானே" என்றார்.

கூட்டம் முடிந்து பள்ளிக்கூடப் பக்கம் போனேன். வானத்தில் மற்ற ரொண்டோனேகள் கூட்டமாகச் சுற்றின. பலகைக்கு ஒன்றும் வரவில்லை. நெடுநேரம் நின்று பார்த்தேன். எந்த இரண்டு அந்த இரண்டு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.


ஜூன் 20, வியாழன்

நேற்றுக் குவெஸ்துராவில் கைரேகை எடுத்தார்கள். ஒரு பிரச்சினையும் இல்லை. விரலைத் துடைக்கக் கடதாசி தந்தார்கள்.

இன்று வகுப்பின் கடைசி நாள். சான்றிதழ் வழங்கினார்கள். அக்கா தன் சான்றிதழை வாங்க மேடைக்குப் போகவில்லை. டொத்தோரேஸ்ஸா அதை என்னிடம் தந்தார். கூடவே குழுவின் கடிதம். அவர் கண்ணில் மெய்யாகவே நீர் இருந்தது.

"சாதித்துவிட்டீர்கள்" என்றார். "ஆறு சமூகங்கள், ஒரு சிறு பறவைக்காக! அடுத்த வருடம் இதை ஒரு முன்மாதிரியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகிறோம்."

கடிதத்தை முற்றத்தில் வைத்து அக்காவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரியாக.

"பலகைக்குப் பின்னால் உயிருள்ள பறவை எதுவும் இல்லை என்று நிபுணர் பரிசோதித்து உறுதி செய்துள்ளதால், பலகையைத் தற்காலிகமாகக் கழற்றுவதற்கு இனித் தடை இல்லை. பொந்தைச் சுத்தம் செய்தபின் பலகையை மீண்டும் அதே இடத்தில் பொருத்தவேண்டும். பணியின்போது பறவைகளுக்கு இடையூறு ஏற்படாதபடி அமைதி காக்கவும்."

நிபுணர் என்ற இடத்தில் மாட்டியாவின் கையெழுத்து இருந்தது. அவன் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். உண்மையைத்தான் எழுதினேன் என்றான். திறப்பதற்கு வேறு வழி இருக்கவில்லை என்றான்.

"இவன் என்ன சொல்லுறான்?" என்று அக்கா கேட்டா.

சொன்னேன்.

அவ அவனிடம் போய் அவன் சட்டையின் தோளில் இருந்த சுண்ணாம்புத் தூசியைத் தட்டிவிட்டா. மாடிப்படிச் சுவரில் சாய்ந்து சாய்ந்து ஒட்டியது. எங்கள் மூன்று பேருடைய உடுப்பிலும் அது இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினா.

"எப்ப?"

"நாளைக்குக் காலமை நாங்களே திறக்கலாம் அக்கா."

"அப்ப நாளைக்கு வாறன்."

நாளை செய்யவேண்டியது: வேலைக்குப் போக முன்னம் பள்ளிக்கூடம். கிரிஸ்தியான் தான் வேலை செய்யும் உணவகத்தில் இருந்து நீள ஏணி கொண்டுவருவான். திருப்புளி என்னிடம் இருக்கிறது. குகனேஸ்வரி அக்கா குஞ்சுகளைச் சுற்ற ஒரு துவாய் கொண்டுவருவா, தோய்த்துக் காயவைத்த வெள்ளைத் துவாய். ஏறுவது நான்.